மொட்டை மாடியில் எட்டு வியாழக்கிழமைகள்

போன வாரம் புதுச்சேரியிலிருந்து பழைய அலுவலக நண்பர் ஒருவர் பேசினார். என்னைவிட இரண்டு வயது இளையவர். தை மாதம் மனைவியை இழந்தவர். பென்ஷன், லைஃப் சர்டிபிகேட், முட்டிவலி என்று வழக்கமான விஷயங்களையெல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகிற நேரத்தில், "ராத்திரியில தூக்கம் வர மாட்டேங்குதுப்பா" என்றார். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் மனுஷர் இருபது நிமிடம் சுற்றி வந்திருக்கிறார். நானும் அப்படிச் சுற்றியவன்தான். அதனால் என் கதையை அவருக்குச் சொன்னேன். "இதை எழுதுப்பா, நம்ம வயசுக்காரங்க நாலு பேர் படிக்கட்டும்" என்றார். எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி நாலு வரி. நான் பிறந்தது புதுச்சேரியில், 1950-இல். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. அந்த இடைக்காலத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாங்கள். அப்பா என்னைப் பிரெஞ்சு மீடியத்தில் சேர்த்திருந்தார். கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாம் பிரெஞ்சில்தான். வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் தமிழ். பிரெவே பரீட்சை வரை அப்படியே ஓடியது. பிறகு சர்க்கார் வேலைக்காக இங்கிலீஷை ஒரு வருஷம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டு, கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, 2010-இல் எழுத்தராகவே ஓய்வு பெற்றேன். என் மனைவிக்குப் பிறந்த ஊர் இந்தப் பொட்டிபுரம். அவளுடைய சித்தப்பா புதுச்சேரி மில்லில் வேலை பார்த்ததால் ஏற்பட்ட சம்பந்தம். 2011-இல் அவள் பங்குக்கு வந்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் குடிவந்தோம். ஒரே மகள் கல்யாணமாகி பிரான்சில் இருக்கிறாள்.

2022 ஜூலையில் என் மனைவி காலமானாள். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனார்கள். மகளும் இருபது நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். மேற்கே மலை இருட்டாக நிற்கும். நாலரை மணிக்கு மேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளின் சத்தம் கேட்கும் வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். பகலில் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு கிலோ குறைந்தேன். மச்சினன் பெண்டாட்டி தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வைப்பாள். "அண்ணே, நேத்து வச்சது அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போவாள். அதற்கு மேல் அவளும் கேட்க மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். நம் பக்கம் துக்கத்தை விசாரிப்பதற்கு முறை இருக்கிறது. முப்பது நாள் கழிந்த துக்கத்தை விசாரிக்க முறை இல்லை.

மகள் வாரம் ஒருமுறை வீடியோவில் வருவாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, யாராவது கவுன்சலர்கிட்ட பேசுங்க. இப்ப எல்லாம் வீட்டிலிருந்தே பேசலாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன். அவள் அங்கே பிரான்சில் எஸ்ஓஎஸ் அமிட்டியே என்று ஓர் அமைப்பு 1960-இலிருந்து போனிலேயே மனிதர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றாள். அமிட்டியே என்றால் நட்பு. "போன்ல நட்பா?" என்று சிரித்தேன். மனைவி போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதுவும் ஏளனச் சிரிப்பு.

கடைசியில் அவள் வற்புறுத்தலுக்காக, அவளே பணம் கட்டி ஏற்பாடு செய்த ஒரு வீடியோ கவுன்சலிங்கில் உட்கார்ந்தேன். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் பொட்டிபுரத்தின் பெயரைப் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, ஊர் எதிர்த்தது, கோர்ட்டு வரை போனது. பூமியையே துளைத்துக்கொண்டு போகும் துகளைப் பிடிக்கத் தேர்ந்தெடுத்த இடம். ஆனால் என் வீட்டுக் கூடத்தில் செல்போன் சிக்னல் பிடிக்காது! மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, இரண்டடி இடத்தில் மட்டும்தான் ஒழுங்காக வரும்.

அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திரையில் ஓர் இளைஞர். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அவர் முகம் அடிக்கடி உறைந்து நின்றுவிடும். மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் எனக்கே தெரிந்துகொண்டிருந்தது. சவரம் செய்யாத முகம். அதைப் பார்த்துக்கொண்டே என் துக்கத்தைப் பேசச் சொன்னால் எப்படி? போதாததற்கு அடுத்த மாடியில் மிளகாய் காயப்போட வந்த அம்மாள், "என்ன சார், மகளா பேசுது?" என்று குரல் கொடுத்தாள். இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். அந்த இளைஞரைக் குறை சொல்லவில்லை. அவர் மொழி வேறு, என் மொழி வேறு, நடுவில் சிக்னல் இல்லை.

அந்த அக்டோபரில்தான் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று மத்திய அரசு டெலி மானஸ் என்ற இலவச தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. அதே மாதக் கடைசியில் தமிழ்நாடு அரசும் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர் வைத்து இங்கே தொடங்கியது. திரும்பவும் நட்பு! எழுத்தர் புத்தி, செய்தியைக் கத்தரித்து டைரிக்குள் வைத்தேன். கூப்பிடுவதற்காக இல்லை. கோப்பில் இருக்கட்டும் என்று.

நவம்பரில் ஒரு ராத்திரி, மணி இரண்டரை இருக்கும். எழுந்து உட்கார்ந்தேன். இனிமேல் விடியாமலேயே இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததில் எனக்குப் பயம்கூட வரவில்லை. பயம் வராததுதான் பிறகு பயமாக இருந்தது. டைரியை எடுத்துக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.

மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பதிவுக் குரல். பிறகு ஒரு தம்பியின் குரல். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றேன். "பரவாயில்லைங்கய்யா, சொல்லணும்னு கட்டாயம் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் பேசவிட்டார். பிறகு நேராகக் கேட்டார்: "ஐயா, உயிரை விட்டுடலாம்னு எண்ணம் எதுவும் வருதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தலைமுறையில் இதை யாரும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி இல்லை, கேட்பதால் அந்த எண்ணம் கூடாது, பாரம்தான் இறங்கும் என்று மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். "சாகணும்னு இல்ல தம்பி. காலையில கண்ணு முழிக்காம இருந்தா நல்லாருக்கும்" என்றேன். சொன்னதும் உடம்பு லேசாக நடுங்கியது. மூன்று மாதமாக நான் சொன்ன முதல் உண்மை அது. அவர் பதறவில்லை, புத்திமதி சொல்லவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், சாப்பிட்டீர்களா, பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விடிந்ததும் மச்சினனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொல்வதாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்தே திரும்பக் கூப்பிட்டு, தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு ஒரு தடவை நேரில் போய்வரச் சொன்னார்கள்.

போனேன். மச்சினன் கூட வந்தான். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், தைராய்டு பார்த்தார், ஒரு சின்ன மாத்திரை எழுதினார். "மாத்திரை தூக்கத்துக்கும் பசிக்கும் கொஞ்சம் உதவும். ஆனா நீங்க பேசணும். வாரம் ஒருதரம், ஒரே ஆள்கிட்ட" என்றார். வாரா வாரம் இரண்டு பஸ் மாறி வரும் தெம்பு எனக்கில்லை. அதனால் போனிலேயே பேசக்கூடிய ஓர் உளவியல் ஆலோசகரை மதுரையில் பிடித்தோம். நடுத்தர வயதுப் பெண்மணி. நான் முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டேன்: வீடியோ வேண்டாம். "எனக்கும் அதுதான் வசதி சார்" என்றார். 2023 ஜனவரியிலிருந்து மார்ச் வரை, எட்டு வியாழக்கிழமைகள், மாலை நாலு மணி. அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்று வரை தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். ஓய்வு பெற்றவனுக்கு எதையும் ஆதியிலிருந்து தேடிப் படிக்கும் வியாதி உண்டு. லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார் இருந்தார். இளம் பாதிரியாராக இருந்தபோது அவர் அடக்கம் செய்துவைத்த ஒரு பெண்ணுக்கு வயது 14. முதல் மாதவிலக்கு வந்ததை ஏதோ கெட்ட நோய் என்று பயந்து, கேட்க ஆளில்லாமல் உயிரை விட்டுவிட்டவள். அந்தப் பெண்ணை மறக்க முடியாமல், 1953-இல் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, மனம் உடைந்தவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். பலர் அதிலேயே ஆறுதலடைந்து பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். காது கொடுப்பதே பாதி வைத்தியம் என்று அவர் அதிலிருந்து தெரிந்துகொண்டார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு பிறந்த கதை இது. நம் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகாவும் அந்த வழியில் வந்ததுதான். இலங்கையில் சுமித்ரயோ என்று 1974-இலிருந்தே இருக்கிறது. பெயர்களைப் பாருங்கள். சினேகம், மித்ரன், அமிட்டியே, நட்புடன். எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம். நான் சிரித்தது தப்பு.

தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பதும் கொரோனாவில் முளைத்த சங்கதி இல்லை. சாரதா மேனன் அம்மையார், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர், சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-லேயே புதுக்கோட்டைப் பக்கக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை; சென்னையில் உட்கார்ந்த டாக்டர் அந்தத் திரை வழியே நோயாளியோடு பேசுவார்; மருந்தும் அந்தப் பஸ்ஸிலேயே கிடைக்கும். ஆனால் தொலைமருத்துவத்துக்கு நாடு முழுமைக்குமான விதிமுறை வெளியானது 2020 மார்ச் 25-ஆம் தேதி. அன்றுதான் ஊரடங்கும் தொடங்கியது. என் முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில், தேவைப்பட்ட அன்றைக்கே வெளியான அரசாங்க உத்தரவு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இது ஒன்றுதான்.

எட்டு வியாழக்கிழமைகளுக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரமும் நான் ஏலக்காய் விலையையும் போடிமெட்டு ரோட்டையும் பற்றிப் பேசினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். என் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் பல வருஷம் நிர்வாகப் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைப் பார்த்தவன். ஓர் ஊழியர் மேல் புகார் வந்தால் குற்றக் குறிப்பாணை கொடுக்க வேண்டும், அவர் விளக்கம் எழுதிக் கொடுக்க அவகாசம் தர வேண்டும், விளக்கத்தைப் பரிசீலித்த பிறகுதான் தண்டனை; விளக்கம் கேட்காமல் தண்டித்தால் கோர்ட்டில் நிற்காது என்று விலாவாரியாகச் சொன்னேன். "சரிங்க சார்" என்று குறித்துக்கொண்டார்.

போனில் பேசுவதில் ஒரு விசேஷம் இருக்கிறது. எதிராளி சும்மா இருந்தால் நமக்குப் பொறுக்காது. நேரில் என்றால் சுவரைப் பார்க்கலாம், காப்பி குடிக்கலாம். போனில் மௌனம் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது வாரம் அந்த மௌனத்தில்தான் சொன்னேன். மகளுக்குச் சொல்லாதது. மச்சினனுக்குச் சொல்லாதது.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்சு எரிகிறது, மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். வேர்த்திருந்தது. வெளியே மழை. 108-க்குப் போன் போட வேண்டுமானால் மழையில் மாடி ஏற வேண்டும். வாயுத் தொல்லை அவளுக்கு எப்போதும் உண்டு. சுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை என்றாள். நான் மாடி ஏறவில்லை. நாலரைக்கு அவளால் பேச முடியவில்லை. வாசலுக்கு ஓடினேன். தோட்டத்துக்குப் போகிற ஜீப் வந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னதுதான். எல்லோரும் தூக்குச் சட்டியோடு மழையில் இறங்கி நின்றார்கள். அன்றைய கூலி போய்விடும் என்று ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. ஜீப்பில் போடிக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

இரண்டு மணியிலிருந்து நாலரை வரை. இரண்டரை மணி நேரம். அந்தக் கணக்கைத்தான் நான் ராத்திரிதோறும் விட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அது உங்க தப்பில்ல சார்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தால் நான் போனை வைத்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்துக் கேட்டார்: "சார், இந்தக் கேஸ்ல குற்றம் சாட்டினது யாரு?"

"நான்தான்."

"தண்டனை கொடுத்தது?"

"நான்தான்."

"குற்றம் சாட்டப்பட்டவர்கிட்ட விளக்கம் வாங்கினீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. "அடுத்த வாரத்துக்குள்ள எழுதி வைங்க சார். அன்னிக்கு ராத்திரி அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, கூட இருந்தவங்க என்ன சொன்னாங்க. எல்லாம் வரட்டும்" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். தமிழில் ஒரு வரி ஓடவில்லை. இங்கிலீஷில் எழுதினால் ஆபீஸ் நோட் மாதிரி இருந்தது. கடைசியில் பிரெஞ்சில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதப் பழகிய மொழி. அம்பத்தைந்து வருஷமாகத் தொடாத மொழி. எழுத்துப் பிழைகளோடு இரண்டு பக்கம் கண்ணில் நீர் வராமல் எழுதி முடித்தேன். எனக்கே ஆச்சரியம். யாரோ ஒருவருடைய கதையை வாத்தியாருக்கு எழுதிக் காட்டிய மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. "நீங்களே தமிழ்ல சொல்லிட்டு வாங்க" என்றார். வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நடுவில் ஒரு வரி. 'அவள் என்னைக் காத்திருக்கச் சொன்னாள்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தேன். அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது என் வாயில் வந்தது அவளுடைய பேச்சு: "விடியட்டும்ங்க. இந்நேரத்துல மழைக்குள்ள மாடி ஏறி வழுக்கி விழுந்து வைக்காதீங்க."

ஆறு மாதமாக எனக்கு அந்த வாக்கியம் ஞாபகமே வரவில்லை. அவள் சொன்னதை நானே கோப்பிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறேன். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மிளகாய் காயப்போடும் அம்மாள் அன்றும் அடுத்த மாடிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கூடையோடு திரும்பி இறங்கிப் போய்விட்டாள். மதுரையில் அந்த அம்மா போனை வைக்காமல் காத்திருந்தார்.

பிறகு கேட்டார்: "இப்ப விசாரணை அதிகாரி என்ன முடிவு பண்றாரு?"

"தண்டனையைக் குறைக்கலாம்மா. முழுசா விடுவிக்க முடியாது."

"முழுசா விடுவிக்கணும்னு யாரும் சொல்லலையே சார்" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த ராத்திரி நான் மாடி ஏறியிருக்கத்தான் வேண்டும். இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: நெஞ்செரிச்சலோடு வேர்வை, மூச்சடைப்பு, தாடை வலி, கை வலி இருந்தால், பெண்களுக்கும்தான், வாயு என்று விட்டுவிடாதீர்கள். மணி எத்தனை என்று பார்க்காதீர்கள். 108.

ஏழாவது வாரம் அந்த அம்மா, "மகளுக்கு எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். அதுதான் எட்டிலும் கஷ்டமான வேலை. ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். வீடியோவை அணைத்துவிட்டு வெறும் குரலில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவள் சொன்னாள்: "அப்பா, அன்னிக்கு சாயங்காலமே அம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. நெஞ்சு ஒரு மாதிரி எரியுதுன்னு சொன்னாங்க. அசிடிட்டி மாத்திரை போட்டுக்கோங்கன்னு நான்தான் சொன்னேன். உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல."

அப்பனும் மகளும் ஆளுக்கொரு குற்றப்பத்திரிகையை ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் பூட்டி வைத்துக்கொண்டு, வாரா வாரம் வீடியோவில் "சாப்பிட்டியா, குளிரா இருக்கா" என்று விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவளும் இப்போது அங்கே ஒருவரிடம் பேசி வருகிறாள். எந்த மொழியில் என்று கேட்டேன். "பிரெஞ்சில ஆரம்பிப்பேன்ப்பா, முடிக்கும்போது தமிழ்" என்றாள்.

நண்பருக்குச் சொன்ன யோசனைகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். ஆபீஸ் பழக்கம்.

1. இடம். கிராமத்து வீட்டில் தனிமை கிடையாது. மாடியோ, தோட்டமோ, கோயில் பிராகாரமோ, ஓர் இடத்தையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் "நாலு மணியிலிருந்து நாலே முக்கால் வரை எனக்குப் போன் இருக்கு" என்று முன்பே சொல்லிவிடுங்கள். பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பேசினால் பாதி மனசு வாசலிலேயே இருக்கும்.

2. காது. கேட்கும் திறன் குறைந்தவர்கள் இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் தெருவே கவுன்சலிங் பெறும்.

3. மொழி. உங்கள் துக்கம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி பேசும் ஆளாகத் தேடுங்கள். முதல் ஆள் பொருந்தவில்லை என்றால் இரண்டாவது ஆளைப் பாருங்கள். செருப்புக் கடையில்கூட முதல் ஜோடியே சேருவதில்லை.

4. சட்டம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, நீங்கள் சொன்னவை ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. 115-ஆவது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. போலீஸ் வரும் என்று பயந்து வாய் திறக்காமல் இருக்க வேண்டாம்.

5. எல்லை. போன் எல்லாவற்றுக்கும் போதாது. தூக்க மாத்திரைகளில் பலவற்றைத் தொலைபேசி வழியாக டாக்டர் எழுதக் கூடாது என்று அந்த 2020 விதிமுறையே சொல்கிறது. ரத்தப் பரிசோதனையைப் போனில் செய்ய முடியாது. மறதி, குழப்பம், காதில் குரல் கேட்பது, உயிரை விடும் எண்ணம் வலுப்பது என்றால் கட்டாயம் நேரில் போக வேண்டும், துணையோடு போக வேண்டும்.

6. எண்கள். 14416, இருபத்து நாலு மணி நேரமும். மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104. முதியோருக்கான உதவி எண் 14567. அதில் பென்ஷன் சந்தேகத்திலிருந்து தனிமை வரை பேசலாம். பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவந்தது. அதாவது ஒரு டவுன் பஸ்ஸில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்து பேர். அந்த ஐந்தில் பெரும்பாலோர் எந்த வைத்தியமும் பார்க்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போகிறார்கள்.

கடைசியாக ஒன்று. எட்டாவது வாரம் அந்த அம்மா, "அவங்க ஆசைப்பட்டு நடக்காம போனது ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டிருந்தார். மதுரை-போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. நாங்கள் இங்கே குடிவந்ததற்குக் கொஞ்சம் முன்னால். சின்ன வயதில் அவள் ஏறிய ரயில். "அகலப்பாதை வரட்டும், மதுரைக்கு ரயில்லயே போய் மீனாட்சியைப் பாத்துட்டு ரயில்லயே வரலாம்" என்று பதினோரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். 2023 ஜூன் 15-ஆம் தேதி போடிக்கு ரயில் திரும்ப வந்தது. அடுத்த வாரம் நான் போய் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஏலக்காய் வியாபாரி ஒருவர் உசிலம்பட்டி வரை விலை நிலவரம் சொல்லிக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் இருந்தது. தரிசனம் முடித்து ராத்திரி வீட்டுக்கு வந்து, தூக்குவாளிச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது புதுச்சேரி நண்பர் கூப்பிட்டார். ஓர் ஆலோசகரைப் பிடித்துவிட்டாராம். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றார். "முட்டிவலியைப் பத்திப் பேசு, போதும்" என்றேன்.